இருபது அடி

காலையில் குழாயைத் திறந்ததும் வந்த சேற்று வாசம், அன்று மாத்தளை டவுனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த குளத்தின் கரையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். குளத்தில் நட்டிருந்த அளவுப் பலகையைத் தினமும் பார்த்துச் சொல்வதுதான் அப்பாவின் வேலை.

"இருவது அடி, கிட்டப் போகாத புள்ள" என்பார்.

ஒருநாள் பலகையோரம் மிதந்த என் செருப்பை எடுக்க அவரே இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. என் அப்பா இருபது அடிக்கும் மேல் உயரம் என்று வகுப்பில் சொல்லி, அடி வாங்கினேன்.

பலகை நீர்மட்டத்தைத்தான் காட்டும். சேறு படிந்து குளத்தின் அடி ஏறிவந்ததைக் காட்டாது. அப்பாவுக்கு அது தெரிந்திருந்ததா? போன் எடுத்துக் கேட்டேன்.

"பலகையில இருவதுதானே இருந்துச்சு, இல்லியா புள்ள?" என்று என்னிடமே கேட்கிறார்.