பீமனுக்குப் போட்ட பொங்கல்

எங்கள் வீட்டுக்குப் பீமன் வந்தது நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், கார்த்திகை மாதம். ஓசூரில் ஒரு கம்பெனியின் விருந்தினர் மாளிகையில் அப்பா தோட்ட வேலை பார்த்தார். அங்கே தங்கியிருந்த கொரியா நாட்டு அதிகாரி, தன் ஊருக்குப் போய்ப் பொங்கல் கழித்துத்தான் திரும்புவார். அதுவரை பார்த்துக்கொள்ளச் சொல்லி, தொட்டியில் வளர்த்த ஒரு சிறு மரத்தை அப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். மாளிகையில் வெள்ளையடிக்கும் வேலை நடந்ததால் அப்பா அதை மொபெட்டில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

மரத்தின் பெயர் ஹார்ன்பீம். அப்பா இரண்டு முறை சொன்னார். முன்பாதி அம்மாவின் காதில் ஏறவில்லை, பின்பாதி நன்றாக ஏறியது. பீமனா என்று கேட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டாள்.

பெயர் பொருந்தத்தான் செய்தது. உயரம் என் இடுப்புக்குக்கூட வராது. ஆனால் அடிமரம் கர்லாக்கட்டை சுற்றுகிறவர் கை மாதிரி முறுக்கேறி, சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருந்தது. மெதுவாகத்தான் வளருமாம், கட்டை இரும்பு மாதிரியாம். இலைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். இஸ்திரி போட்ட சேலைக் கொசுவம் போல வரிவரியாக மடிப்பு, ஓரமெல்லாம் ரம்பப் பல். சுண்டுவிரல் நீள இலைக்கு இத்தனை மடிப்பை ஆண்டவன் உட்கார்ந்து வைத்திருக்கிறான் என்று இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

அது கேட்டதும் கொஞ்சம்தான். காலை வெயில், மதியம் நிழல். மண் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. குளிர் அதற்குப் பிடிக்கும், எங்கள் ஊர்ப் பனி போதும் என்று அப்பா சுவரோரம் வைத்தார்.

அம்மா ஒரு நாள் கோலம் போட்டுக்கொண்டே சொன்ன வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"பீமன்னா சும்மாவா பாப்பா? அண்டா அண்டாவா சோறு போட்டாலும் அவனுக்குப் பத்தாது."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அப்பாவோ ஒரு சொம்புத் தண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்.

மார்கழி பிறந்தது. விடியற்காலை பெருமாள் கோயில் பஜனையில் தரும் பொங்கலில் பாதியைப் பீமனுக்கு எடுத்துவந்தேன். விரலால் மண்ணில் குழி தோண்டி, வைத்து மூடுவேன். மேலே அரிசி கழுவின தண்ணீர். பிரசாதம் யாருக்காவது கெடுதல் செய்யுமா?

இலைகள் பழுப்பாயின. குளிரில் அப்படித்தான் ஆகும், காய்ந்தாலும் சட்டென்று உதிராமல் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அதிகாரி முன்பே சொல்லியிருந்தார். ஆனால் தொட்டியிலிருந்து நாற்றம் வந்தபோது அப்பாவின் முகம் மாறியது.

"இது செத்துதுன்னா அந்த கேட்டுக்குள்ள என்னை விடமாட்டாங்க" என்றார் அம்மாவிடம்.

அன்றே சாக்கை விரித்து மரத்தை வெளியே எடுத்தார். மண்ணை உதிர்த்துக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி, விரலில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அழுகிய வேர்களை நறுக்கிக் கழுவி, ஆற்று மணலும் செங்கல் பொடியும் கலந்து திரும்ப நட்டார். அம்மா மலைக்கோயில் ஈஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டாள். தொட்டியை அப்பா எனக்கு எட்டாத மதில்மேல் தூக்கி வைத்துவிட்டார். பீமன் பட்டினி கிடப்பானே என்று நான் தவித்தேன்.

பொங்கல் முடிந்து அதிகாரி வந்தார். தொட்டியைப் பிடித்துக்கொள்ள நானும் மொபெட்டில் போனேன். அவர் ஒரு கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. நுனிகளில் ஊசி ஊசியாக மொட்டுகள். அத்தனை அடி வாங்கியும் உயிரை விடவில்லை அந்த மரம். அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார். ஆனாலும் வேர் அழுகியதை மறைக்கவில்லை, மண்ணில் சோறு கிடந்ததையும் சொல்லிவிட்டார்.

அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "யார் சாப்பாடு போட்டது?"

"நான்தான் சார். எருவாகும்னு நெனச்சிட்டேன். இனிமே நடக்காது" என்றார் அப்பா.

அதிகாரி இங்கிலீஷில் நீளமாகத் திட்டினார். அப்பா தலைகுனிந்து நின்றார். கடைசியில் மரத்தை அப்பா கையிலேயே கொடுத்து, பழைய இடத்தில் வைக்கச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பனியில் எழுந்து குளித்து, என் பங்கில் பாதியைக் கொடுத்தவள் நான். அந்தப் புண்ணியத்தை அப்பா வாய்கூசாமல் தன் பேரில் சொல்லிக்கொள்கிறாரே!

திரும்பி வரும்போது அவர் இடுப்பைப் பிடிக்காமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன்.

"புடிச்சுக்கோ பாப்பா, ரோடு மேடு பள்ளமா இருக்குது" என்றார் அப்பா.

நான் பிடிக்கவில்லை.