என் பாட்டிலில் மீன்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது லெந்து நாட்களும் கறி, மீன் தொடுவதில்லை என்று என் மனைவி முடிவெடுத்தாள். சபையின் பெண்கள் கூட்டத்தில் எழுந்து, "இந்த வருஷம் அவரும் என்கூட இருக்கார்" என்று சாட்சியே சொல்லிவிட்டாள். மீனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வாடையே ஆகாது, கல்யாணமான இருபது வருடமாக எங்கள் சேலையூர் வீட்டில் மீன் நுழைந்ததில்லை. கோழிதான் சோதனை.

அந்த நேரம் பார்த்து உணவுப் பழக்க ஆய்வுக்கென்று ஒரு பெண் வந்தாள். சாப்பிட்டதை ஒரு வாரம் டைரியில் எழுத வேண்டும். கடைசி நாள் காலை ஆளுக்கொரு பாட்டிலில் சிறுநீர் தர வேண்டும்.

"எழுதும்போது மறதி வரும், கூச்சம் வரும் சார். யூரினுக்கு அதெல்லாம் கிடையாது. என்ன சாப்பிட்டோம்னு அதுலயே அடையாளம் இருக்கும்" என்றாள்.

மனைவி உற்சாகமாகக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன், வேறு வழி?

டைரி சுத்த சைவமாக வளர்ந்தது. கடைசி நாளுக்கு முந்தைய மாலை, தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் கால் தானாக சிக்கன் பக்கோடா வண்டிக்குப் போனது. இரண்டு பிளேட்.

காலையில் பாட்டிலை நிரப்பிய பிறகுதான் பக்கோடா ஞாபகம் வந்தது. குளியலறை ஜன்னலில் அவள் பாட்டிலும் தயாராக இருந்தது. பெயர் ஒட்டிய மூடிகளை மாற்றி மூடினேன். என் பெயரில் கோழி வந்தால் சபையே நம்பும். அவள் பெயரில் வந்தால் மெஷின் கோளாறு என்பார்கள். இப்படி ஒரு மூளை எனக்கு இருப்பதை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஈஸ்டருக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் பெண் முடிவோடு வந்தாள்.

"தனித்தனியா சொல்லட்டுமா?"

"எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கிடையாதும்மா, சொல்லு" என்றாள் மனைவி.

"மேடத்துக்குக் கோழி காட்டுது. சாருக்கு மீன்."

மெஷினைத் திட்ட வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். மீனா? என் பெயர் மூடிக்குக் கீழே இருந்தது அவளுடையது அல்லவா?

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாட்டிலை மாத்துனீங்களா?"

"நீ எங்க மீன் சாப்ட்ட?"

"ஊரப்பாக்கத்துல. அக்கா வீட்ல."

"லெந்துலயா?"

"நீங்க கோழி தின்னது என்ன, கிறிஸ்மஸ்லயா?"

யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. இருவரும் சோபாவில் சரிந்துவிட்டோம். "அப்ப டைரில திருத்தி எழுதிக்கவா மேடம்?" என்று அந்தப் பெண் பாவமாகக் கேட்க, மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

அந்தப் பெண் போன பிறகு, "எவ்ளோ நாளா இது?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆன மாசத்துலேருந்து. கையில எலுமிச்சம்பழம் தேய்ச்சுட்டுதான் ட்ரெயின் ஏறுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து நேராக மார்க்கெட்டுக்குப் போய் சங்கரா மீன் வாங்கினேன். மதியம் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். முள்ளை ஒதுக்கி, விரலைச் சப்பி, என் மனைவி மீன் சாப்பிடுவதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.