பேச்சு உமாவுக்கு, சண்டை பெனிக்கு

உமாராணிக்கு வேலை தூத்துக்குடி பீச் ரோட்டில், ஒரு கப்பல் ஏஜெண்டின் அலுவலகத்தில். மாலத்தீவுக்குப் போகிற வெங்காயமோ ஐரோப்பாவுக்குப் போகிற இறாலோ, அதன் பெயரும் எடையும் கண்டெய்னர் எண்ணும் அவள் கண்ணைத் தாண்டித்தான் கப்பல் ஏறும். ஒரு வார்த்தை பிசகினால் போகிற ஊரில் சரக்கு நின்றுவிடும். அதனால் எதையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். அந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் வாங்கினால்கூட உறையின் பின்பக்கத்தை வாசித்து முடிக்காமல் பிரிக்க மாட்டாள்.

சொந்த ஊர் சாத்தான்குளம். அப்பா லிங்கராஜ் அங்கே பாத்திரக் கடை வைத்திருந்தார். முப்பது வயது வரை அவளைக் கல்யாணத்திலிருந்து காப்பாற்றியது செவ்வாய் தோஷம். அம்மா செல்லத்தாய் அதை நினைத்துக் கண்ணீர் விடும்போதெல்லாம் உமாராணி தரையைப் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் அந்தக் கிரகத்துக்கு நன்றி சொல்லுவாள்.

பெனிஷா அதே அலுவலகத்தில் துறைமுக வேலையைப் பார்த்தாள். நாசரேத்துக்காரி, கிறிஸ்தவக் குடும்பம். ஸ்கூட்டியில் துறைமுக கேட்டுக்குப் போய், வரிசையை முந்துகிற லாரி டிரைவர்களோடு மல்லுக்கு நிற்பாள். சத்தம் போடத் தெரியும். ஆனால் தனக்கென்று ஒன்றைக் கேட்க அவளுக்கு வாய் வராது. சம்பள உயர்வைக்கூட உமாராணிதான் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். இருவரும் மில்லர்புரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்கார வீரபாகு அண்ணாச்சி தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டால் கீழே இறங்கிப் பேசுவதும் உமாராணிதான்.

“நீ போனா அண்ணாச்சி காப்பி தாராரு. நான் போனா கதவைச் சாத்துதாரு” என்பாள் பெனிஷா.

“நீ படியிலயே கத்திட்டுப் போற. மனுசன் பயந்துருவாருல்லா.”

பெனிஷாவின் தம்பி ஜெஃப்ரி பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய லேப்டாப்பை அக்காவிடம் விட்டுப் போனான். அதில் சில கேம்கள் இருந்தன. ஒரு பாத்திரத்தை நாமே உருவாக்கி, அதற்குப் பெயர் வைத்து, அதுவாகவே ஒரு நாட்டில் உலவுகிற வகை. கூட வருகிறவர்களோடு பேசலாம், நட்பாகலாம், மனம் ஒத்தால் காதலிக்கவும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் அதற்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். வாள்சண்டை வந்தால் பெனிஷாவின் கையில் மவுஸ் இருக்கும். அவள் விரல் வேகம். யாராவது பேச வந்தால் மவுஸ் உமாராணிக்கு மாறும். என்ன பதில் சொல்லலாம் என்று திரையில் வருகிற வரிகளை அவள் இரண்டு தடவை வாசித்துவிட்டு ஒன்றை அமுக்குவாள். பேச்சு உமாவுக்கு, சண்டை பெனிக்கு. இதை யாரும் பேசி வைக்கவில்லை, தானாக அமைந்தது.

முதல் கேமில் நாம் ஆணாகப் போனாலும் பெண்ணாகப் போனாலும், யாரிடம் காதலைச் சொன்னாலும் சம்மதம் கிடைத்தது. உமாராணிக்கு அது பிடித்திருந்தது.

“யாரும் யாரையும் ஏன்னு கேக்கல பாத்தியா” என்றாள்.

“போளா. கேட்டதும் எல்லாரும் தலையாட்டுதாங்க” என்றாள் பெனிஷா. “இவங்களுக்கு யாரைப் பிடிக்கும்னு இவங்களுக்கே தெரியல. மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்சவ சரின்னு சொன்னாத்தான் நமக்கு மதிப்பு.”

இரண்டாவது கேம் வேறு மாதிரி. தீவுக் கூட்டம் ஒன்று, ஒரு கப்பல். அதில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு மனம் இருந்தது. நாயகிக்குப் பெயர் கேட்டபோது பெனிஷா முந்திக்கொண்டு ‘செல்லத்தாய்’ என்று அடித்துவிட்டாள்.

“ஏளா, அது எங்க அம்மைல்லா!”

“இருக்கட்டும். கையில வாள் குடுத்து அவங்களை யாரு கப்பல் ஏத்தப் போறா? நாமதான் ஏத்தணும்.”

செல்லத்தாய் முதலில் கப்பல் தலைவன் ஆல்டனிடம் போய்ப் பேசினாள். அவன் மரியாதையாகச் சிரித்து, நீ நல்லவள், ஆனால் என் மனம் ஆண்களிடம்தான் போகும் என்றான். பெனிஷா தரையில் புரண்டு சிரித்தாள். “பாவம் உங்க அம்மை! முதல் ஆளே இல்லன்னுட்டான்.” சிரித்து முடித்ததும் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆல்டன் அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த மாலுமிகள் கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, கப்பலில் கூட வந்த வில்லாளி மிரெல் தீவு ஒன்றில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்லத்தாயிடம் மனம் விட்டுப் பேசினாள். அவள் பெண்களை மட்டும் விரும்புகிறவள். திரையில் நான்கு பதில்கள் வந்தன. ஒன்றின் முன்னால் சின்னதாக இதயக் குறி. உமாராணி நான்கையும் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். மிரெல் நெருப்பைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள்.

“அமுக்கேன்ளா” என்றாள் பெனிஷா.

“எதை?”

“உனக்குத் தெரியாதாக்கும்.”

உமாராணி அமுக்கினாள். மிரெல் வில்லைக் கீழே வைத்தாள். பெனிஷா திரையைப் பார்க்கவில்லை. மவுஸ் மேல் இருந்த உமாராணியின் கையின் மேல் தன் கையை வைத்தாள். அந்த நேரம் பார்த்து சாத்தான்குளத்திலிருந்து போன்.

“என்னளா செய்யுத?” என்றாள் அசல் செல்லத்தாய்.

“சும்மாதான்மா இருக்கேன்.”

பெனிஷா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அன்று திரையில் செல்லத்தாய் எந்தச் சண்டைக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். வெளியே அவர்கள் ஒரு வீட்டில் வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிற இரண்டு பெண்கள். மீன் வாங்கினார்கள், காய்ச்சலில் ஒருவருக்கொருவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று தெரிந்தவர்கள்தானே சந்தேகப்பட முடியும்.

பெனிஷாவின் அப்பா கிருபாநிதி ஓய்வுபெற்ற ஆசிரியர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அபுதாபியில் இன்ஜினியராக இருக்கும் கிங்ஸ்டன், நல்ல குடும்பம், பார்க்கட்டுமா என்று. பெனிஷா பதில் சொல்லவில்லை. சொல்லாததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே நிச்சயம் முடிந்தது.

உமாராணி சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் சென்னைக் கிளையில் இரண்டு பேருக்கு இடம் கேட்டாள், தருவதாகச் சொன்னார்கள். “வீட்டுல சொல்லிட்டு வா. நான் வேணும்னா கூட வாரேன்” என்றாள்.

பெனிஷா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க” என்றாள். “இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு ஐயர் கேப்பாரு. யாராவது சொல்லிட்டா நின்னு போவும். விசாரிக்காம நடத்த மாட்டாங்க.” நாசரேத்தில் சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும் சொல்லுவார்கள், அது உமாராணிக்குத் தெரியும்.

“அதுக்கு?”

“மூணாவது ஓலைக்கு நீ வா.”

“வந்து?”

“வா, உமா.”

உமாராணி அதற்குமேல் கேட்கவில்லை. உமாராணியின் வீட்டு வழக்கப்படி, நிச்சயத்தின்போது பெண்ணை நடுவில் உட்கார வைத்துத்தான் கல்யாணப் பத்திரிகையை வாசிப்பார்கள். இங்கேயும் பெனிஷா இருப்பாள். அப்பாவிடம் தனியாகச் சொல்ல முடியாததை, ஐயர் எல்லார் முன்னாலும் கேட்கும்போது எழுந்து சொல்லப் போகிறாள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறாள். இப்படித்தான் அவளுக்குப் புரிந்தது.

பெனிஷா முன்பே லீவு போட்டு நாசரேத்துக்குப் போயிருந்தாள். அந்த ஞாயிறு உமாராணி வந்த பஸ் தாமதமாகிவிட்டது. உள்ளே போனபோது ஆராதனை தொடங்கியிருந்தது. பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. முன்னால் எல்லாரும் தலையில் முக்காடு போட்டிருந்ததால் யார் யார் என்று பின்னாலிருந்து தெரியவில்லை. நான்காவது வரிசையில் ஒரு நீல முக்காடு. பெனிஷாவிடம் அதே நிறத்தில் ஒரு சேலை உண்டு. தோளும் அவள் தோள் போலவே இருந்தது. உமாராணி அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் எழுந்ததும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐயர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். கிருபாநிதி, கிரேசி ஆகியோரின் குமாரத்தி பெனிஷா. கிங்ஸ்டன். இது மூன்றாவது ஓலை. இந்த இருவரும் இணையக் கூடாதபடி தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே எழுந்து தெரிவிக்கும்படி கேட்டார்.

மின்விசிறிகள் சுற்றின. யாரோ இருமினார்கள். நீல முக்காடு குனிந்தது. எழும்பு, எழும்பு என்று உமாராணியின் உதடு அசைந்தது. கேமில் என்றால் அமுக்குகிற வரை யாரும் நகர மாட்டார்கள். நெருப்புகூட அதே இடத்தில் எரிந்துகொண்டிருக்கும். ஐயர் தாளைப் புரட்டி அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். பெண்கள் ஐக்கியத்தின் மாதக் கூட்டம் வருகிற சனிக்கிழமை.

ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்தபோது நீல முக்காடு திரும்பியது. அது யாரோ ஒரு கல்லூரிப் பெண். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தாள்.

“ஏளா, உமா! வந்துட்டியா!” பெனிஷாவின் அம்மா கிரேசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்தாள். “வா, வீட்டுக்குப் போவோம். பெனி உனக்காகக் காத்துக் கெடக்கா.”

“பெனி வரலையா ஆன்ட்டி?”

“நல்லா கேட்ட போ! எங்க குடும்பத்துல ஓலை வாசிக்கையில பொண்ணு கோயிலுக்கு வரப்பிடாதுல்லா. மூணு வாரமா வீட்டுலதான் இருக்கா.”

உமாராணி நடந்தாள். கிரேசி வழியெல்லாம் பந்தலைப் பற்றியும் பிரியாணியைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தாள்.

பெனிஷா வாசலில் நின்றிருந்தாள். முதலில் உமாராணியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதற்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“நீ சொல்லலையா?” என்றாள் பெனிஷா.

“நீ சொல்லுவன்னுல்லா நான் காத்துட்டு இருந்தேன். நீ அங்கன இருக்கன்னு நினைச்சேன்.”

“நான் எப்படி இருப்பேன்? அதுக்குத்தான உன்னை வரச் சொன்னேன்.” பெனிஷா அடுப்பைத் தணித்தாள். “பேசுததெல்லாம் நீதான உமா. எனக்கு என்னைக்கு வாய் இருந்துச்சு?”

“பொண்ணு வரமாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“அது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்.”

வரவேற்பறையில் கிருபாநிதி யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரிப்பது இப்போதுதான். உமாராணி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“இப்பப் போய்ச் சொல்லுதேன். உங்க அப்பாட்ட நேரா சொல்லுதேன். ஓலை போனாப் போகட்டும்.”

பெனிஷா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு பேரும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“வேண்டாம்” என்றாள் பெனிஷா.

“பெனி.”

“கோயில்ல சொல்லியிருந்தா அது முடிஞ்சிருக்கும். நான்தான் அங்க இல்லையே, அப்பாவைப் பார்த்திருக்க வேண்டாம். இப்ப நான் அவர் மூஞ்சியைப் பார்க்கணும். என்னால முடியாது. வேண்டாம் உமா.”

உமாராணி வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பேசிப் பேசி மனம் மாற்றியிருக்கிறாள். அன்று அவள் பேசவில்லை. எதிரே நிற்பவளுக்கு மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாப்பாட்டு மேசையில் கிரேசி அவள் தட்டில் கறியை அள்ளி வைத்தாள். “கல்யாணத்தன்னைக்குப் பெனிக்குத் தோழிப் பொண்ணா நீதான் நிக்கணும். என்னளா, நிப்பியா?”

பெனிஷா குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நிக்கேன் ஆன்ட்டி.”

நின்றாள். கல்யாணத்தின்போது ஐயர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். தடை அறிந்தவர்கள் இப்போது பேசலாம், இல்லையென்றால் இனி மௌனமாக இருக்க வேண்டும் என்றார். இந்தத் தடவை இருவருமே அங்கே இருந்தார்கள், ஒரு முழம் தள்ளி. வெள்ளை வலை முக்காட்டுக்குள் இருந்து பெனிஷா பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தாள். உமாராணி அவளைப் பார்த்தாள். ஐயர் அன்றைவிட அதிக நேரம் காத்திருந்தது போலத் தோன்றியது. பிறகு பெனிஷா கண்ணைத் தாழ்த்தி, பூச்செண்டை உமாராணியிடம் நீட்டினாள். மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கத் தன் கை காலியாக இருக்க வேண்டுமே.

புகைப்படம் எடுத்து முடித்து, சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்து, மணமக்கள் மேடைக்குப் போன பிறகும் அந்தப் பூச்செண்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. உமாராணி அதைக் கிரேசியிடம் கொண்டுபோனாள்.

“ஆன்ட்டி, இது பெனியோடது.”

கிரேசிக்கு ஆயிரம் வேலை. “நீயே வச்சுக்கோளா. அவளுக்கு இனி அது எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு ஓடினாள்.