மாரமங்கலத்துக்கு ஏறிய கடல் வடிகட்டி

காலை ஏழு மணிக்கு சேலத்தில் ஏற்காடு பஸ் பிடித்தேன். மடியில் மூன்றடிக்கு மேல் நீளமான பிளாஸ்டிக் பொட்டலம். ராமநாதபுரம் கடற்கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன நிலையம் ஒன்றில் நான் ஆபரேட்டர். அங்கே உப்பைத் தடுக்கும் சக்தி குறைந்துபோய் கழித்துப்போட்ட மெம்பிரேன் என்ற வடிகட்டிக் குழல்தான் பொட்டலத்துக்குள் இருந்தது. குளோரின் தண்ணீரில் ஊறவைத்து அதன் நுண்துளைகளைப் பெரிதாக்கியிருந்தோம். இனி உப்பை விட்டுவிடும், சேற்றையும் கிருமியையும் விடாது. ஆனால் ஈரம் காய்ந்தால் செத்துப்போகும்.

ஏற்காட்டைத் தாண்டிய மலைக்கிராமமான மாரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை மெர்சிக்காகத்தான் இந்தப் பாடு. திருப்பூர் பனியன் கம்பெனியில் பழகிய ஆரோக்கியத்தைக் கட்டிக்கொண்டு மலையேறியவள். மழை பிடித்தால் அவர்கள் குடிக்கும் ஓடை சேறாகிவிடும். ஒரு வயதுக் குழந்தைக்கு இந்த மழையில் மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கு. “இது சரிவரலேன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு உன்கூடவே வந்துருவேன்ணே” என்று போனில் அழுதிருந்தாள். கடலோரத்தில் பிறந்தவளுக்கு மலையில் தண்ணீர்க் கஷ்டம் என்றால் யார் நம்புவார்கள்?

ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றையும் நான் ரசிக்கவில்லை. பொட்டலத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி மலையில், பக்கத்தில் இருந்த பாய் துள்ளி எழுந்தார். ஏற்காட்டின் ஒண்டிக்கடை பகுதியில் துணிக்கடை வைத்திருப்பவர்.

“ஏனுங்க, மூட்டைல மீனுங்களா? வேட்டியெல்லாம் நனையுதுங்க!”

அடியில் கிழிசல். கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் சரக்கு மூட்டையைப் பிரித்து இரண்டு புதுத் துண்டுகளை உருவினார், குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவற்றின் மேல் கவிழ்த்தார்.

“கொழந்தை குடிக்கிற தண்ணிக்குத்தானுங்க? சுத்துங்க மொதல்ல. இன்னும் நொம்ப தூரம் இருக்குதுங்க.”

ஒண்டிக்கடையில் பதினைந்து ரூபாய்க்கு அவசர டீ, பிறகு மாரமங்கலம் பஸ். ஆரோக்கியம் ஓடையின் மேல்சரிவிலிருந்து குழாய் இழுத்துத் தயாராக வைத்திருந்தார், அதன் முனையில் வடிகட்டிக் குழலைப் பொருத்தினோம். எங்கள் நிலையத்தில் கடல்நீரை உள்ளே தள்ள மோட்டார் நாள் முழுக்க அலறும், கரண்ட் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். இங்கே மலைச்சரிவே தள்ளியது, செலவில்லாமல். தண்ணீர் தெளிவாக விழுந்தது. இருந்தாலும் தெளிவை நம்பக் கூடாது. கிருமி இருந்தால் கறுத்துப்போகும் சோதனைப் புட்டிகள் இரண்டில், ஓடைத் தண்ணீரையும் வடித்த தண்ணீரையும் பிடித்து வைத்தேன்.

மறுநாளே ஓடைப் புட்டி கறுத்துவிட்டது. இன்னொன்றை நானும் மெர்சியும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலையிலும் அது அப்படியே இருந்தது.

“கண்ணுக்கு இனி ஒண்ணும் ஆவாதுங்க மச்சான்” என்றார் ஆரோக்கியம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. மெர்சி கண்ணைத் துடைத்தாள். “நீ போயிட்டு வாண்ணே. கிறிஸ்துமஸுக்கு வாரோம்.”

மதிய பஸ்ஸில் தனியாக இறங்கினேன். எங்கள் ஊரில் கடல்நீர் குடிநீரானபோது, தண்ணீருக்காக ஊரைவிட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அதே சாமானை மலைக்குச் சுமந்துபோய், திரும்பி வர இருந்த ஒருத்தியை நானே அங்கே நிறுத்திவிட்டேன். புட்டி கறுக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை.