நில்லு என்றாரா, இல்லை என்றாரா?

மாட்டுக்காரர் அரசியலுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சின்னப் பாலம். ஊருக்குள் பால் வண்டி வரும் வழியில் அது இடிந்து விழுந்தது. அவருடைய முப்பத்திரண்டு மாடுகளின் பாலையும் தலையில் சுமந்து ஓடை தாண்ட வேண்டியதாயிற்று. கட்சித் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு தடவை. எட்டாவது தடவை, இந்த ஆளை வாசலில் நிற்க விடுவதைவிடத் தேர்தலில் நிற்க விடுவது மேல் என்று தலைவருக்குத் தோன்றிவிட்டது. நின்றார், ஜெயித்தார். பாலம் மட்டும் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது.

பிரசாரத்தில் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். “மேய்ச்சல் நிலத்துல ஒருத்தனையும் கை வைக்க விடமாட்டேன்.” சுற்று வட்டாரத்து மாடெல்லாம் மேயும் பொது நிலம் அது. வேறு வாக்கியம் தெரியாததால் எல்லாக் கூட்டத்திலும் அதையே சொன்னார். ஜனங்கள் அதைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டார்கள்.

சட்டமன்றம் அவருக்குப் புதிதாகப் படவில்லை. மந்தையை நடத்த அவருக்கு இரண்டே சொல் போதும். ‘ஹை’ என்றால் நடக்கும், ‘ஹோ’ என்றால் நின்றுவிடும். இங்கேயும் இரண்டே சொல்தான், ‘ஆம்’, ‘இல்லை’. எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்பதைக் கட்சிக் கொறடா சொல்லிவிடுவார். “மாட்டுக்கே நான் குச்சி எடுத்ததில்லை, எனக்கு ஒரு கொறடாவா!” என்று முதல் நாள் ஆச்சரியப்பட்டார். பிறகு பழகிவிட்டது. மாடும் அப்படித்தானே.

இரண்டு வருஷம் ‘ஆம்’ போட்டே ஓடியது. அப்புறம்தான் ‘மேய்ச்சல் நில மேம்பாட்டு மசோதா’ வந்தது. மேம்பாடு என்றால், அதே பொது நிலத்தின் மேல் வரிசையாகக் கிடங்குகள் கட்டுவது. மாடுகள் எங்கே மேய்வது என்று பதினான்கு பக்க மசோதாவில் ஓர் இடத்திலும் இல்லை. அவர் விரல் வைத்து இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

உறுப்பினர் விடுதியில் மூன்றாம் மாடி அறை அவருடையது. கொறடா படியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“அண்ணே, ஓட்டுப் போடறவங்க மொத்தம் அறுபத்து மூணு பேர். நமக்கு முப்பத்திரண்டு, அவங்களுக்கு முப்பத்தொண்ணு. உங்க ஒரு வாய்தான் வித்தியாசம்.”

“என் வாய் அதுக்குத் திறக்காது போலிருக்கே, தம்பி.”

“கொட்டாவி விடுங்க போதும், பாதி ‘ஆம்’ வந்துடும். மீதியை எழுதறவர் பார்த்துப்பார்.” சிரித்துவிட்டு எழுந்தவர், கதவருகில் சிரிப்பை நிறுத்தினார். “மாத்திச் சொன்னீங்கன்னா கட்சியும் போகும், பதவியும் போகும். அந்தப் பாலத்தையும் மறந்துடுங்க.”

கொறடா இறங்கிப் போன சத்தம் அடங்குவதற்குள் போன் அடித்தது. இவர் சட்டமன்றத்துக்கு வந்ததிலிருந்து தொழுவத்தை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவள் வீட்டுக்காரி.

“ஏங்க, நாளைக்கு நீங்க ‘ஆம்’னு சொல்லிட்டு வந்தா வீட்டுக்குள்ள வர வேணாம். தொழுவத்துல படுத்துக்குங்க.”

“சரி, படுத்துக்கறேன்.”

“மாடுங்க விட்டா!” என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கே அவர் சபையில் பக்கத்து இருக்கைக்காரரிடம் யோசனை கேட்டார். அவரும் நிலத்திலிருந்து வந்தவர்தான். உருளைக்கிழங்கு போடுகிறவர் என்பதால் சபையில் அவருக்குக் கிழங்குக்காரர் என்றே பெயர். “எனக்கென்னப்பா, கிழங்கு மண்ணுக்குள்ள கிடக்குது, அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார் அவர். அவர் ‘ஆம்’ என்று எப்போதோ முடிவு செய்திருந்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாக்கெடுப்பு. விடியுமுன் எழுந்து பால் கறந்தே நாற்பது வருஷம் பழகிய உடம்பு. மணி இரண்டு ஆனால் அவருக்குக் கண் சொருகிவிடும். கட்சி சார்பற்ற தூக்கம் அது. எதிர்க்கட்சி பேசினாலும் வரும், சொந்தக் கட்சி பேசினாலும் வரும். வாக்குகளை எழுதிக்கொள்ளும் சட்டமன்றச் செயலர் தொகுதி வாரியாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மாட்டுக்காரரின் தொகுதி எல்லைக்கோட்டில் இருப்பதால் எப்போதும் கடைசி. ‘ஆம்’ முப்பத்தொன்று, ‘இல்லை’ முப்பத்தொன்று என்று வந்து நின்றபோது அவர் தலை மார்பில் கிடந்தது. மெல்லிய குறட்டைகூடக் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

செயலர் கூப்பிட்டார். பதில் இல்லை. கிழங்குக்காரர் அவர் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

“நில்லு!” என்று கத்தியபடி மாட்டுக்காரர் எழுந்தார்.

மைக் திறந்திருந்தது. செயலருக்குக் காது மந்தம். அவர் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

சபை கிடுகிடுத்தது. கொறடா துள்ளி எழுந்தார். “ஐயா, அவர் தூக்கத்துல மாட்டை ஓட்டினார்! சொன்னது ‘நில்லு’! அது ‘இல்லை’ இல்லை!”

“‘இல்லை’ இல்லைன்னா ‘ஆம்’மா?” என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல். “இவரும் தூங்கறாரா பாருங்க!”

அவைத்தலைவர் மேசையைத் தட்டினார். “உறுப்பினரே விளக்கட்டும்.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது. ‘நில்லுன்னுதான் சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை போதும், பதவி தப்பிக்கும். கொறடா இரண்டு கைகளாலும் அதைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். மாட்டுக்காரருக்கோ, நேற்றிலிருந்து தொண்டையில் அடைத்திருந்த ஏதோ ஒன்று அந்தக் கத்தலோடு வெளியே போய்விட்டது போலிருந்தது. மறுபடி அதை எடுத்து விழுங்க மனசு வரவில்லை.

“தூங்கினது நிஜம்ங்க. எழுதினதை அடிக்க வேணாம். அப்படியே இருக்கட்டும்.”

“அப்படியானால் உங்கள் வாக்கு ‘இல்லை’தானே?”

“ஆமாங்க. இல்லைங்க.”

இரண்டு பக்கத்துக்கும் வேண்டியதை ஒரே மூச்சில் சொன்ன உறுப்பினரை அந்தச் சபை அதற்குமுன் கண்டதில்லை. செயலர் காதில் விழுந்தது இரண்டாவதுதான். ஒரு வாக்கில் மசோதா தோற்றது.

கட்சி அவரை நீக்கவில்லை. நீக்கினால் பெரும்பான்மை போய்விடும் என்று தலைவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருந்தார். ‘அயர்ச்சியால் நேர்ந்த உச்சரிப்புப் பிழை’ என்று அறிக்கை வந்தது. பிறகு தலைவர் அவரைத் தனியே கூப்பிட்டு, “அடுத்த தேர்தல்ல நீங்க ஓய்வெடுத்துக்குங்க” என்றார். மாட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்ன வேகத்தில் தலைவரே கொஞ்சம் பயந்துபோனார். இரண்டு வாரத்தில் பாலமும் கட்டி முடிந்தது. இனி இந்த ஆள் வாசலுக்கு வரக் கூடாது என்பதில் தலைவர் உறுதியாக இருந்தார்.

வார விடுமுறையில் ஊருக்கு வந்தவர், சாயங்காலம் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு மாட்டின் பக்கத்தில் வீட்டுக்காரி. வாளியில் பால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மூக்குவெள்ளை என்ற மாடு காலை மாற்றி வைத்து நகரப் பார்த்தது.

“ஹோ” என்றார். அது நின்றது.

எதிரே பால் சத்தமும் நின்றது.

“ஏங்க.”

“ம்?”

“நாப்பது வருஷமா மாட்டுக்கு ‘ஹோ’ன்னுதான் சொல்றீங்க. ‘நில்லு’ன்னு என்னைக்குச் சொன்னீங்க?”

மாட்டுக்காரர் மூக்குவெள்ளையின் விலாவில் நெற்றியை வைத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

“கறக்கறப்ப பேச்சுக் குடுக்காதம்மா. மாடு மிரளும்.”

அவள் எட்டிப் பார்த்தாள். மாடு நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அவர் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

“சரி சரி, உச்சரிப்புப் பிழைதான்” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். “கறந்து முடிச்சிட்டு வீட்டுக்குள்ளயே வந்து படுங்க.”