சூசைக்குப் பின்னால் வந்த ராசன்

போன கிழமை எங்கள் கோயில் ஸ்கிரீனில், ஆரும் எழுதாத ஒரு பெயர் வந்தது.

ஆரும் கொடுக்கவில்லை. ஆரும் ரைப் பண்ணவில்லை. வந்தது.

அந்த ஸ்கிரீனுக்குப் புரோகிராம் எழுதினது நான்தான். 

நான் பயந்தாங்கொள்ளி என்பது இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. முல்லைத்தீவுக் கடற்கரையில் ஃபோன் திருத்துகிற கடை. கடையில் ஆள் வராத நேரம் வீடியோ பார்த்து, புரோகிராம் எழுதுகிற சி லாங்குவேஜ் பழகினேன். ஏன் பழகினேன்? சும்மா இருந்தால் யோசனை வரும். யோசனை வந்தால் பயம் வரும்…

எங்கள் கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுப்பது இரண்டு விதம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு – சுகத்துக்காக. செத்தவர்களுக்கு – ஆன்ம இளைப்பாற்றிக்காக. இரண்டையும் ஃபாதர் பூசைக்கு முன் வாசிப்பார். வயதானவர்களுக்குக் காது கேட்பதில்லை. கோயிலில் மைக் செற் பார்க்கிற என் கூட்டாளி நிக்சன் ஒரு பழைய ரிவியைக் கொண்டுவந்து வைத்தான்.

"மச்சான், செத்தவையின்ரை பேரை இதிலை ஓட விடு. காது கேக்காட்டியும் கண் தெரியும்தானே."

அன்றைக்கு இரண்டு பெயர்தான். யேசுராசன். சூசை. இரண்டு வீட்டாரும் தங்கள் பெரியவர்களுக்காகக் கொடுத்த பெயர்கள். பின்னேரப் பூசை தொடங்கியது. கடற்காற்றுக்கு யன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. "இன்று நினைவுகூரப்படும் ஆன்மாக்கள்" என்று தலைப்பு வந்தது. அதற்குக் கீழே யேசுராசன் என்று வந்து போனது.

அடுத்தது வந்தது – சூசைராசன்.

பாட்டு நின்றது. ஆர்மோனியக்காரர் கையைக் கட்டைகளிலேயே வைத்தபடி ஸ்கிரீனைப் பார்த்தார். சனத்தின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஸ்கிரீன் பக்கம் இல்லை… முன்வாங்கில் இருந்த திரேசாக்கா பக்கம்.

சூசைராசன் அண்ணை திரேசாக்காவின் மனுசன். சண்டையின் கடைசியில், சனநெரிசலில், அவாவின் கையிலிருந்து விலகியவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு கிழமையும் அக்கா அவரின் பெயரைக் கொடுப்பா. எப்போதும் சுகத்துக்காக. ஆன்ம இளைப்பாற்றிக்குக் கொடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அவா ஒருநாளும் கொடுத்ததில்லை.

நிக்சன் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான். "டேய், என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

பூசை முடிந்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தம்பி, ஆர் குடுத்தது?"

"ஒருத்தரும் குடுக்கேல்லை அக்கா."

"மறைக்காதை. ஆரோ அறிஞ்சிட்டினம். எனக்கு மட்டும்தான் சொல்லேல்லை." குரல் அப்படியே தாழ்ந்தது. "எங்கையாம் அவரைக் கண்டவை?"

ரிவியைத் திரும்பப் போட்டு, ஒரு கதிரையை இழுத்து அக்காவை இருத்தினேன்.

புரோகிராமைப் புதிதாக ஓடவிட்டு, முதலில் சூசை மட்டும் போட்டேன். சூசை என்று ஒழுங்காக வந்தது. நிற்பாட்டாமல் யேசுராசனைப் போட்டு, பின்னால் சூசையைப் போட்டேன்.

சூசைராசன்.

அக்கா என் தோளைப் பிடித்தா. விரல் குளிர்ந்துபோய் இருந்தது. ஆனால் எனக்குப் பிழை பிடிபட்டுவிட்டது.

சி-க்குப் பெயர் என்று ஒன்று தெரியாது. வரிசையாகக் கிடக்கும் எழுத்துத் துண்டுகள், கடைசியில் ஒரு பூச்சியம் – அவ்வளவுதான். பூச்சியத்தைக் காணும்வரை வாசித்துக்கொண்டே போகும். சூசை எங்களுக்கு இரண்டு எழுத்து. ஸ்ட்ர்லென் என்ற ஃபங்ஷனிடம் நீளம் கேட்டால் பன்னிரண்டு என்கிறது, அது எண்ணுவது துண்டுகளைத்தான். அந்தப் பன்னிரண்டையும் கவனமாகக் கொப்பி பண்ணினேன். பூச்சியத்தை விட்டுவிட்டேன். யேசுராசன் கிடந்த அதே இடத்தில் சூசை போய் இருந்தது. 'யேசு'வுக்கும் சரியாகப் பன்னிரண்டுதான். அது மட்டும் அழிந்தது. 'ராசன்' அப்படியே கிடந்தது.

எல்லாம் சோதித்துப் பார்த்தவன்தானே நான்? பார்த்தேன். ஆனால் பயத்தில், ஒவ்வொரு பெயருக்கும் புரோகிராமை நிற்பாட்டி, புதிதாக ஓடவிட்டுப் பார்த்தேன். புதிதாக ஓடும்போது மெமரி வெறுமையாக இருக்கும். துணிந்தவன் எழுதியிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பான்!

"அப்ப இது யேசுராசன்ரை வால்," என்றான் நிக்சன். "அக்கா, இவன்ரை சி-யை நம்பி நீங்கள் ஏன் பயப்பிடுறியள்? இவன் தன்ரை கடைப் பூட்டையே நம்பாதவன்."

அக்கா சிரிக்கவில்லை. "வேறை ஒண்டும் இல்லையோ?"

"சத்தியமா இல்லை அக்கா."

பூச்சியத்தைப் போட்டு, இரண்டு பெயரையும் அதே ஒழுங்கில் திரும்ப ஓடவிட்டேன். இப்போது சூசை மட்டும் வந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் இருந்த வெறும் கறுப்பைப் பார்த்துக்கொண்டேயிருந்தா.

"ராசன் இப்ப எங்கை போச்சு?"

"உள்ளுக்கைதான் அக்கா, அனேகமா அப்பிடியே கிடக்கும். வெளியாலை காட்டாது, அவ்வளவுதான்."

"ம்…" என்றா. "எனக்குத் தெரியும்."

அவா மெமரியைச் சொல்லவில்லை.

பிழைக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன், சரி. ஆனால் எத்தனையோ பெயர்கள் இருக்க, அந்த இரண்டு வீட்டாரும் ஏன் ஒரே நாளுக்குக் கொடுத்தார்கள்? ஏன் அந்த ஒழுங்கில்? சி-யின் ஸ்ட்ரிங் லைப்ரரி முழுக்கத் தேடிவிட்டேன். அதற்கு ஒரு ஃபங்ஷனும் இல்லை.

இதை எழுத முன் அண்ணையின் பெயரை மாற்றலாமென்று பார்த்தேன். எதைப் போட்டாலும் அந்தப் பன்னிரண்டுக் கணக்குப் பொருந்தவில்லை. நேற்று அக்காவிடமே போய்க் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவா நிமிரவில்லை.

"போடு தம்பி. அவரின்ரை பேர்தானே. ஆனா அவரை 'இருந்தார்' எண்டு மட்டும் ஒரு இடத்திலையும் எழுதிப்போடாதை."

முழுவதையும் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டேன். எழுதவில்லை, அக்கா.