கோழித் துரையின் பந்தாட்டம்

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் உலகக் கோப்பை வரும்போதெல்லாம் போனில் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறான். ஊர் உலகமே கால்பந்துக்காகக் கண்விழித்துக் கிடக்க, அவனுடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு யார் யாரோடு ஆடுகிறார்கள் என்றுகூடத் தெரியாதாம். ஏம்மா இப்படி என்கிறான். எனக்கு அலுத்துவிட்டது. இந்தச் சங்கதி எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆகிவிட்டது?

கடலூர் துறைமுகத்தில் கப்பல் நின்ற நாட்களில் வெள்ளைக்கார மாலுமிகள் மணலில் இறங்கிப் பந்து ஆடுவார்களாம். அவர்களோடு ஆடித்தான் எங்கள் குப்பத்து ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். அதனால் வெள்ளைத்தோல் என்றால் பந்து தெரியும் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அறுபதுகளின் நடுவில், கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஓர் இளைஞர் வந்து திருப்பாதிரிப்புலியூரில் தங்கினார். பனைமர உயரம். கோழித் துரை என்று பெயர் வைத்தோம். அவரைப் பார்த்த அன்றே அம்மாவின் தம்பி, என் மாமா, டீமுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்.

சிதம்பரத்தில் ஓர் ஆட்டம் இருந்தது. அதைப் பார்க்க ஆலை அதிகாரி ஒருவர் வருவதாகவும், நன்றாக கோல் போடுகிறவனை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் டீமில் கோல் போடுகிறவர் மாமாதான். முந்தின வருஷம் தாத்தாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. தம்பிக்காவது கட்டுமரம் ஏறாத வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா வேண்டாத சாமி இல்லை.

ஆடக் கூப்பிட்டபோது துரை என்னவோ இரண்டு கையையும் ஆட்டி, "தெரியாது, தெரியாது" என்றுதான் சொன்னார். அவருக்குச் சுத்தமாக வரும் தமிழே அது ஒன்றுதான்.

"நெறகொடம் தளும்புமா? தெரிஞ்சவன் எவன் தெரியும்னு சொல்லுவான்?" என்று மாமா சிரித்துவிட்டார்.

ஆட்டத்தன்று விருந்தாளிக்கு மரியாதையாக, முதல் பத்து நிமிஷத்துக்கு மட்டும், தன் முன்வரிசை இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு மாமா பின்னால் போய் நின்றார். பந்து தலைக்கு மேல் வந்தது. துரை எகிறி, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். விசில் ஊதியும் நிற்கவில்லை. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பத்து நிமிஷம் போய் இருபது ஆயிற்று. கோட்டோரம் நின்ற அப்பா பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "மச்சான், அவர பின்னாடி அனுப்பிட்டு நீ முன்னாடி போ!"

"எப்படி மாமா? நல்லா ஆடியிருந்தா மாத்தியிருப்பேன். இப்ப மாத்துனா எலையில உக்காந்தவர எழுப்புன மாதிரி ஆயிடும்" என்றார் மாமா.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய மாமாவுக்கு ஆளை மாற்ற வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அதிகாரி பாதி ஆட்டத்தில் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

திரும்பும் ரயிலில் துரை தலைகுனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். கப்பல்காரர்களோடு பேசிப் பழகிய அப்பா அதைத் தமிழில் சொன்னார். அவருடைய ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கே பந்தை வீசத்தான், பிடிக்கத்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். பந்து வந்தால் கை தானாகப் போய்விடுகிறதாம்.

"இங்கிலீஷ்காரன் கப்பல் போன எடமெல்லாம் இந்தப் பந்தையும் கொண்டு போனான். அமெரிக்காவுல இவுங்க அவன அதுக்கு முன்னாடியே வெரட்டிட்டாங்க. அப்புறம் இவுங்களா பந்தக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுற ஒரு ஆட்டம் கட்டிக்கிட்டாங்க" என்றார் அப்பா. மகனுக்கு இதைத்தான் சொல்கிறேன். அவனும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறான்.

ரயிலில் மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, ஈரத்துண்டைப் பந்தாகச் சுருட்டி, துரையைப் போல் எகிறிப் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டிக்குள் ஓடினேன். முதலில் துரையே சிரித்துவிட்டார். மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இன்னொரு தரம் செய்டி" என்றார். செய்தேன். பரங்கிப்பேட்டை தாண்டியும் விடவில்லை. "இன்னொரு தரம், இன்னொரு தரம்" என்று கடலூர் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் மாமா கட்டுமரம்தான் ஏறினார். அன்றைக்கு ரயிலில் ஆலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அவ்வளவு நன்றாக நடித்துக் காட்டியதால் எல்லாருக்கும் அது மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.